ஆறே முக்கால் மணி ட்ரிப்பர்

ராஜபாளையம்
24.11.2024, ஞாயிறு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். மழைக்கு அம்மாவின் முழங்கால் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. போனிலேயே சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். ஒயரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் உன்னிடமிருந்து "சரிப்பா, சரிப்பா" வந்துவிடும். அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று அதற்கு அர்த்தம். கடிதத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் படிக்கலாம் அல்லவா?

நேற்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. "ஈ.எல்.சி.பி. ரொம்ப சென்சிட்டிவா இருக்காம்ப்பா. சும்மா சும்மா விழுது. டைரக்ட் பண்ணிடலாம், இல்லேன்னா நூறு மில்லி ஒண்ணு மாத்திடலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்றார், நாளைக்கு வரச் சொல்லியிருக்கோம்" என்றாய். அதனால்தான் இன்று காலை ஆறு மணிக்கே மாப்பிள்ளையை எழுப்பி, எலக்ட்ரீஷியனை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பாவம், ஞாயிற்றுக்கிழமை. மாமனார் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று நினைத்திருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. உன் டிபி பாக்ஸில் வரிசையாக நிற்கும் ஒல்லி ஒல்லியானவை எம்.சி.பி. ஓரத்தில் அகலமாக, 'டி' என்று போட்ட சின்னப் பட்டனோடு இருப்பதைத்தான் நாம் எல்லோரும் ஈ.எல்.சி.பி. என்கிறோம். கடையில் கேட்டால் ஆர்.சி.சி.பி. என்று பில் போடுவார்கள். பழைய ஈ.எல்.சி.பி. எர்த் ஒயரில் ஏறும் வோல்டேஜைப் பார்த்து விழும் வேறு ஜாதி. அது போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. எம்.சி.பி. விழுந்தால் ஓவர்லோடு அல்லது ஷார்ட். அயர்ன் பாக்ஸும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே லைனில் ஓடினால் விழும்; அதில் மர்மம் எதுவும் இல்லை. உன் வீட்டில் விழுவது அகலமானது. அது விழுவதற்குக் காரணமே வேறு.

மில்லில் எங்கள் கேட் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும், ஆயுத பூஜைக்கு வந்தால் உனக்குப் பொரிகடலை கொடுப்பாரே. ஷிஃப்டுக்கு உள்ளே போன தலை எத்தனை, வெளியே வந்த தலை எத்தனை, அவருக்கு அது மட்டும்தான் கணக்கு. உள்ளே யார் தறி ஓட்டினார், யார் தூங்கினார் என்பதெல்லாம் அவர் பார்க்கமாட்டார். தலை குறைந்தால் மட்டும் சத்தம் போடுவார். ஈ.எல்.சி.பி.யும் அப்படித்தான். உள்ளே ஒரு வளையம் இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அந்த வளையத்தின் நடுவே போகின்றன. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடும், வளையம் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் வேறு வழியாக, அதாவது ஈரச் சுவர் வழியாகவோ எர்த் ஒயர் வழியாகவோ உன் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். வளையத்தில் சுற்றியிருக்கும் சின்னக் காயிலில் கரண்ட் பிறந்து லீவரைத் தட்டிவிடும்.

அந்தக் குறை எவ்வளவு இருந்தால் விழ வேண்டும்? வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். பூஜை அறையில் எரிகிறதே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, பேர்தான் ஜீரோ, அது 15 வாட்ஸ் வரை இழுக்கும். கணக்குப் போட்டால் 65 மில்லி ஆம்பியர். அதில் பாதிகூட இல்லை இந்த 30. இன்னொன்று தெரியுமா? 30 என்று அச்சடித்திருந்தாலும் 15-ஐத் தாண்டிய பிறகு எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று ஸ்டாண்டர்டே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 30-ல் கட்டாயம் விழுந்தாக வேண்டும், அதுவும் 0.3 நொடிக்குள். ஆகவே 20-ல் விழுகிற ஈ.எல்.சி.பி.யைக் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது.

"ரொம்ப சென்சிட்டிவ்" என்றாரே எலக்ட்ரீஷியன், அதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்று ஒரு பேராசிரியர். அந்த ஊர் வீடுகளுக்கான இதே மாதிரி கருவியை 1961-ல் கண்டுபிடித்தவர். அதற்கு முன்பே, தாமாக முன்வந்த ஆட்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எத்தனை மில்லி ஆம்பியர் வரை அவர்களால் கையை விடுவித்துக்கொள்ள முடிகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் தசை இறுகிவிடும். விட வேண்டும் என்று நினைத்தாலும் விரல் விடாது. இப்போது யோசி. உன் கை ஒட்டிக்கொள்ள 10.5 போதும், இந்தக் கருவிக்கோ 30 வரை காத்திருக்கும் உரிமை உள்ளது. அமெரிக்காவில் 5-லேயே விழும்படி வைத்திருக்கிறார்கள். நம்முடையது சென்சிட்டிவ் இல்லை, கயல். நம்முடையது பொறுமைசாலி. அதைப் போய் 100 மில்லி ஆக்கினால்? 100, 300 எல்லாம் கட்டடம் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு மெயினில் போடுவது. மனுஷ உடம்பைக் காப்பாற்ற அல்ல. 100 மாட்டினால் விழாதுதான். நீ விழுந்தாலும் அது விழாமல் நிற்கக்கூடும்.

சரி, உன் வீட்டுக் கதைக்கு வருவோம். நீ சொன்னதை வரிசைப்படுத்தி எழுதிப் பார்த்தேன். தீபாவளிக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் அதிகம், குறிப்பாக ஆறே முக்கால். முதலில் மிக்ஸி மேல் சந்தேகம், புது மிக்ஸி வாங்கினீர்கள். அப்புறம் அயர்ன் பாக்ஸ். காலையில் அதே மிக்ஸி ஒன்றும் செய்வதில்லை. அப்புறம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "ஒரு நாள் எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிட்டு பெருசை மட்டும் தூக்கினேன்ப்பா. அஞ்சு நிமிஷத்துல தானா டப்புனு விழுந்துச்சு. அதனாலதான் அது கெட்டுப்போச்சுன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நோய் இருக்கிறது. அவர் அதை வைத்துத் தப்பான மருந்து எழுதிவிட்டார்.

நம் வீடுகளில் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எல்லாம் ஒரு பித்தளைப் பட்டையில், லிங்க் என்போம், சேர்த்து முடுக்கியிருக்கும். எம்.சி.பி.யை இறக்கினாலும் நியூட்ரல் ஒயர்கள் அத்தனையும் ஈ.எல்.சி.பி.யோடு தொடர்பில்தான் இருக்கின்றன. சுவரில் எங்காவது ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.யை இறக்குவதால் அந்தத் தொடுப்பு விடாது. "எல்லாத்தையும் ஆஃப் பண்ணியாச்சு, அப்பவும் விழுது, அப்போ மெஷின்தான் தப்பு" என்று இங்கேதான் பாதிப் பேர் முடிவு கட்டுகிறார்கள். நானும் வேலையில் சேர்ந்த புதிதில் கட்டியிருக்கிறேன். எங்கள் ஃபோர்மேன் ஒன்றும் சொல்லாமல் லிங்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், நாலாவதைக் கழற்றியதும் லீவர் நின்றுவிட்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அவமானத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஃபேஸே இல்லாதபோது கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மாப்பிள்ளை கேட்பார், கணக்கு வாத்தியார் ஆயிற்றே. தெருவிலிருந்து வருகிறது. கம்பத்தில் ஓடும் நியூட்ரல் மண்ணோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது. சாயங்காலம் தெருவில் சமம் எங்கே இருக்கிறது? லைட்டு, டிவி, மோட்டார், கிரைண்டர் என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போடுவார்கள், ஒரு ஃபேஸில் அதிகம், இன்னொன்றில் குறைவு. மிச்சக் கரண்ட் நியூட்ரலில் ஓடும். ஓடினால் நீளமான கம்பியில் ஓரிரு வோல்ட் ஏறி நிற்கும். தொட்டால் தெரியாது, டெஸ்டரும் எரியாது. ஆனால் உன் வீட்டுச் சுவருக்குள் நியூட்ரலும் எர்த்தும் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஓரிரு வோல்ட் உன் எர்த் குழிக்குள் இறங்க வழி கிடைத்துவிடும். வழியில் 50 ஓம் தடை என்று வை; 2 வோல்ட்டுக்கு 40 மில்லி ஆம்பியர். டப். நீ ஒரு சுவிட்சும் போட வேண்டாம், எதிர் வீட்டில் மோட்டார் போட்டால் போதும். பகலில் தெரு சும்மா இருப்பதால் உன் ஈ.எல்.சி.பி.யும் சும்மா இருக்கிறது. உன் வீட்டு மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ ஓடும்போது நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டிலும் ஒரு பங்கு அந்தத் தொடுப்பு வழியாகப் பிரிந்து போகும், அதனால் சாயங்காலத்தில் பழி அவற்றின் தலையில் விழுகிறது. பழைய மிக்ஸியை யாருக்காவது கொடுத்துவிட்டாயா? கொடுக்காதிருந்தால் வைத்துக்கொள். அது நல்ல மிக்ஸி.

தீபாவளிக்கு அப்புறம் என்றாயே, தீபாவளிக்கு என்ன செய்தீர்கள்? பெரிய டிவி வாங்கி ஹாலில் சுவரில் மாட்டினீர்கள். போட்டோ அனுப்பினாய். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அம்மா திட்டினாள். டிவிக்குக் கீழே பிளக் பாயிண்ட், அதற்கு நேர் மேலே பிராக்கெட்டின் வலது ஸ்க்ரூ. சுவருக்குள் பைப் பெரும்பாலும் பிளக் பாயிண்டுக்கு நேர் மேலிருந்துதான் இறங்கும். ட்ரில் போட்டவர் பைப்பை ஓட்டையாக்கி, ஸ்க்ரூ நியூட்ரல் ஒயரின் தோலை உரசி, பக்கத்திலிருக்கும் எர்த் ஒயரையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பது என் ஊகம். ஃபேஸைத் தொட்டிருந்தால் அன்றைக்கே வெடித்து ஊரைக் கூட்டியிருக்கும். தொடாததால் டிவி ஜோராக ஓடுகிறது. ஊகம்தான். வீட்டைப் பார்க்காமல் நாடி பிடிக்கிறேன். மாடிக்குப் போகும் லைட் பாயிண்டில் மழைத்தண்ணீர் இறங்கி இருந்தாலும் இதே மாதிரி காட்டும்.

நியூட்ரல்தானே, அது எர்த்தைத் தொட்டால் என்ன ஆபத்து என்று தோன்றும். சாதாரண நாளில் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்து, ஃபேஸ் மட்டும் வருகிற நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன் வீட்டு லைட், ஃபேன் வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த ஸ்க்ரூ வழியாக எர்த் ஒயருக்குள் புகும். எர்த் குழி சரியில்லாவிட்டால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எர்த் ஒயர் போகிற அத்தனை உடம்பிலும் வோல்டேஜ் ஏறி நிற்கும். ஈ.எல்.சி.பி. இருந்தால் அந்த நொடியே விழும். அதைத் தாண்டி ஒயரை நேராக இணைத்து டைரக்ட் பண்ணியிருந்தால்? அதனால்தான் ஆறு மணிக்கு போன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. டிபி பாக்ஸைத் திறக்காதீர்கள். மூடி கழன்றால் மெயின் பக்கத்து ஸ்க்ரூக்களில் எப்போதும் உயிர் இருக்கும். அதைத் தவிர மற்றது உங்கள் கையில். ஒரு நோட்டு போடு. எப்போது விழுந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, மழை பெய்ததா. மூன்று நாள் போதும். பிறகு ஒரு சாயங்காலம் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கி வை. சுவிட்சை அணைப்பது வேறு, பிடுங்குவது வேறு. சுவிட்சும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், பொருளின் உள்ளே நியூட்ரல் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்தும் அது தொட்டுக்கொண்டேதான் இருக்கும். டிவி, ஃபிரிட்ஜ், மோடம், வாஷிங் மெஷின், கொசுவத்தி மெஷின் வரை எல்லாம். எல்லாம் பிடுங்கியும் ஆறே முக்காலுக்கு விழுந்தால் என் ஊகம் சரி, சுவருக்குள்தான். விழாவிட்டால் ஒவ்வொன்றாகச் சொருகு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டினால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

பொருளிலேயே இருந்தால் அதற்கும் குணம் உண்டு. போட்ட நொடியே விழுந்தால் பெரும்பாலும் அந்தப் பொருள்தான். கெய்சர் அப்படி இல்லை. அதன் காயிலுக்குள் மெக்னீசியம் ஆக்ஸைடு என்கிற வெள்ளைப் பவுடர் அடைத்திருக்கும், கரண்ட்டை விடாது, சூட்டை மட்டும் விடும். வெயில் காலம் முழுக்கப் போடாமல் வைத்திருந்தால் அந்தப் பவுடர் ஈரத்தைக் குடித்துவிடும். ஐப்பசியில் முதல் நாள் போட்டதும் விழும். சில நாளில் சூடேறி ஈரம் போய்த் தானே சரியாவதும் உண்டு. உப்புத் தண்ணீர் ஊர்களில் காயிலின் தோலே வெடித்திருக்கும், அது சரியாகாது, மாற்ற வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இன்னும் தந்திரக்காரன். ஐஸ் கட்டாத ஃபிரிட்ஜ் என்கிறார்களே, அதற்குள் ஐஸைக் கரைக்க ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. பல மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அது வேலை செய்யும். பழுது அதில் இருந்தால் நடுராத்திரி எல்லோரும் தூங்கும்போது விழும். நம் தெருக்கோடி வீட்டில் இப்படி இரண்டு மாதம் பேய் என்றார்கள். வேப்பிலை அடிக்க ஆளைக்கூட கூட்டி வந்தார்கள். நான் போய் ஃபிரிட்ஜ் பிளக்கை ஒரு ராத்திரி பிடுங்கி வைக்கச் சொன்னேன். பேய் வரவில்லை. வேப்பிலைக்காரருக்கு ஐநூறு, எனக்கு ஒரு டம்ளர் காபி.

பழுதே இல்லாமல் விழுவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. கம்ப்யூட்டர் போன்ற சாமான்களில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் இருக்கும். அவை நல்ல நிலையிலேயே ஒன்று, ஒன்றரை மில்லி ஆம்பியரை எர்த்துக்குச் சொட்டவிடும். அது குற்றமில்லை, அதன் பிறவி. ஒரே ஈ.எல்.சி.பி.யின் கீழ் இப்படிப் பத்துச் சேர்ந்தால் 12, 13 ஆகிவிடும், வாட்ச்மேன் கணக்கில் ஏற்கெனவே பாதித் தலை காணோம். பதினோராவதாக எதைப் போட்டாலும் அதன் தலையில் பழி. அங்கே சரியான வைத்தியம் லைனைப் பிரித்து இரண்டு ஈ.எல்.சி.பி. போடுவது. மில்லிகளைக் கூட்டுவது அல்ல.

இன்வெர்ட்டரால் வரும் கூத்து ஒன்று. உன் வீட்டுக்குப் பொருந்தாது, இருந்தாலும் மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். கீழே மாமியார், மேலே மருமகள், இரண்டு மாடிக்கும் தனித்தனி ஈ.எல்.சி.பி. கீழே இருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து மேலே ஒரு டியூப் லைட்டுக்கு லைன் இழுத்தவர், ஃபேஸைக் கீழிருந்து கொண்டு போய், நியூட்ரலைச் சோம்பலில் மேல் வீட்டு நியூட்ரலிலேயே கட்டிவிட்டார். கீழ் வாட்ச்மேன் கணக்கில் ஆள் போனான், வரவில்லை. மேல் வாட்ச்மேன் கணக்கில் போகாதவன் வருகிறான். மருமகள் லைட் போட்டால் இரண்டு வீடும் இருட்டு. மூன்று வருஷம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கறுப்பு ஒயரை இடம் மாற்றியதும் விழுவது நின்றது, திட்டு நிற்கவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1998. உனக்கு ஏழு வயது. அந்தத் தெருவிலேயே முதல் ஈ.எல்.சி.பி. நம் வீட்டில்தான், மில் எலக்ட்ரீஷியன் வீடு என்கிற கர்வத்தில் நானே வாங்கி மாட்டியது. புரட்டாசியிலிருந்து அது விழ ஆரம்பித்தது. காலையில் நான் ஷிஃப்டுக்குப் போய்விடுவேன், மாவு அரைக்கும்போது விழும், உன் அம்மா ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிவிட வேண்டும். "ஊருக்கெல்லாம் ஒயர் பார்க்கிற மனுஷன், வீட்டுல ஒரு மெஷினைச் சரி பண்ணத் துப்பில்லே" என்றாள். கோபத்தில் ஒரு ராத்திரி இரண்டு துண்டு ஒயரை எடுத்து மேலேயும் கீழேயும் இணைத்து டைரக்ட் பண்ணிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின.

மார்கழியில் அம்மா சொன்னாள், கிரைண்டரைத் தொட்டால் "ஜிவ்வுன்னு இருக்கு" என்று. நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "செருப்புப் போட்டுக்கோ." இருபது வருஷ சர்வீஸ் உள்ள எலக்ட்ரீஷியன் சொன்ன பதில் அது. பொங்கலுக்கு முந்தின நாள் நீ குளித்துவிட்டு ஈரத்தலையோடு, ஈரக்காலோடு போய்க் கிரைண்டரில் மாவு தொட்டுத் தின்னக் கையை வைத்தாய். அலறிக்கொண்டு ஓடி வந்து, "கிரைண்டர் கடிச்சிருச்சுப்பா" என்றாய். கை ஒட்டிக்கொள்ளவில்லை. கிரைண்டருக்கு முன்னால் அம்மா உட்கார்ந்து அரைக்கிற மரமணை கிடந்தது, அதன் மேல் நின்றிருந்தாயாம். அந்த மணை இல்லாவிட்டால் என்று நான் அன்றிலிருந்து முழுசாக யோசித்ததே இல்லை, பாதியில் நிறுத்திவிடுவேன். உன் அழுகை நிற்பதற்காக நான் கிரைண்டரை அடிப்பது போல அடித்துக் காட்டினேன். நீயும் சிரித்தாய். உனக்கு அது கதையாகக்கூட ஞாபகம் இருக்காது.

அன்றைக்கே பிரித்தேன். மோட்டாருக்குப் போகும் ஒயர் பாடியில் உரசி உரசித் தோல் போயிருந்தது, மாவுத் தண்ணீர் இறங்கி ஊறியிருந்தது. அதற்கு மேல், கிரைண்டரின் பிளக்கில் எர்த் பின்னே இல்லை. எர்த் இருந்திருந்தால் ஒழுகுகிற கரண்ட்டின் பெரும்பகுதி அதில் போயிருக்கும். இல்லாததால் அத்தனையும் பாடியில் காத்திருந்தது. எர்த் இல்லாத வீட்டிலும் ஈ.எல்.சி.பி. வேலை செய்யும், கயல். ஆனால் ஒரு மனுஷன் தொட்ட பிறகுதான் விழும். மூன்று மாதம் அது தினமும் காலையில் சொன்னதும் அதைத்தான். நான் வாயைக் கட்டிவிட்டேன்.

ஆக, மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயிண்டில் சொருகும் பழக்கம் உன் வீட்டில் எங்கேயாவது இருந்தால் இன்றைக்கே நிறுத்து. மாதம் ஒரு முறை அந்த 'டி' பட்டனை அழுத்திப் பார். டப் என்று விழ வேண்டும். விழாவிட்டால்தான் அது கெட்டுப்போனது என்று அர்த்தம், அப்போது தாராளமாக மாற்றலாம். 30 மில்லியே வாங்கு. பட்டனை அழுத்தி விழுவதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே, அந்தப் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை. ஈ.எல்.சி.பி. இருக்கிற தைரியத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தாலும் அது காப்பாற்றாது. போனது வந்துவிட்டதே, வாட்ச்மேன் ஏன் சத்தம் போடுவார்?

அந்த எலக்ட்ரீஷியன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வீட்டுக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஆறு நியூட்ரலைக் கழற்றித் தேட யாருக்கு நேரம் இருக்கிறது? மூன்று மணி நேரத்துக்குக் கூலி கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் அவரும் தேடியிருக்கலாம். நாம் "எரியுதா இல்லையா" என்று மட்டும்தானே கேட்கிறோம்.

டிசம்பர் 7 சனிக்கிழமை நான் கிளம்பி வருகிறேன். அம்மாவும் வருவாள், கார்த்திகை முடிகிற வரை இருப்பாள். ஒயரின் தோல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற என்னுடைய பழைய கைச்சுற்று மெக்கரை எடுத்து வருகிறேன். அதில் 500 வோல்ட் வரும், அதனால் நான் வரும்போது டிவி, மோடம், கம்ப்யூட்டர் பிளக்குகள் எல்லாம் பிடுங்கியிருக்க வேண்டும், பிடுங்காமல் சுற்றினால் அவை போய்விடும். மெயினை அணைத்துவிட்டு லிங்கில் இருக்கும் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு பார்ப்போம். கெட்டது எது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஹால் லைன் என்றால் டிவியை இறக்கி அந்த ஸ்க்ரூவை உருவுவோம், அதன் முனையில் செம்பு நிறம் ஒட்டியிருக்கிறதா என்று மாப்பிள்ளை பார்க்கட்டும். அது வரை ஈ.எல்.சி.பி. விழுந்தால் விழட்டும். தூக்கிவிட்டுக்கொள். இரண்டாம் தடவையும் உடனே விழுந்தால் சும்மா சும்மா தூக்காமல் டார்ச்சை வைத்துக்கொண்டு சமையலை முடி.

டிவியை இறக்கினால் சுவரில் ஓட்டை தெரியும் என்று நீ முகத்தைச் சுளிப்பாய் என்று அம்மா சொல்கிறாள். கொஞ்சம் பட்டி வாங்கி வைத்திரு, நானே பூசிக்கொடுத்துவிடுகிறேன். ஏணி உன் வீட்டில் இல்லை என்று ஞாபகம், பக்கத்து வீட்டில் சொல்லி வை. இரும்பு ஏணி வேண்டாம், மூங்கிலோ மரமோ கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்தக் கிரைண்டர் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. ஒயர் மாற்றி, எர்த் கொடுத்து, நேற்றுகூட அம்மா அதில்தான் மாவு அரைத்தாள்.